மூணாறு குளிரில் ஒரு ஒட்டுத் துணிப் போர்வை: இதுவரை நடந்தது

மார்கழிக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால்தான் எனக்குத் தையல் வேலை ஓடுகிறது என்று கீழே போடியிலும் தேனியிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மூணாறில் ஆட்கள் அடைந்து கிடப்பது ஆனி, ஆடி மழையில்தான். அப்போது துவைத்த துணி லேசில் காயாது, பகலிலேயே லைட் போட்டாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரிதான் குளிர். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். சில வருடம் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் ஒன்பது மணி தாண்டினால் சுள்ளென்று வெயில். துணி அலச, காயப்போட, ஊசியில் நூல் கோக்க இதைவிட நல்ல பருவம் இங்கே கிடையாது. போதாததற்கு, கிறிஸ்துமஸ் லீவில் டூரிஸ்ட் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொள்வதால் உள்ளூர்க்காரர்கள் வெளியே கிளம்புவதே வீண். பள்ளிக்கூடமும் இல்லை. அப்புறம் பொங்கலுக்கு இடுக்கி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. இந்த இரண்டு லீவுக்கும் நடுவில், முழுக்கக் கையாலேயே ஒரு குவில்ட், அதாவது ஒட்டுத் துணிகளை இணைத்து, அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் போர்வை, தைப்பது என்று உட்கார்ந்தேன். மெஷின் வீட்டில் இருக்கிறது. அதைத் தொடவில்லை.

துணி சேர்ப்பதில் பெரிய செலவில்லை. பூப்போட்ட சதுரங்களுக்கு அத்தையின் பழைய சுங்குடிச் சேலைகள், என்னுடைய காட்டன் சுடிதார்கள், பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா கொடுத்த வெட்டுத் துணிகள். அக்கா ஒரு அரிசிப் பை நிறையக் கொடுத்தார். அதில் பிளவுஸுக்கு வாங்கும் டூ பை டூ, லைனிங், பளபளக்கும் சிந்தடிக் எல்லாம் கலந்திருந்தன. சந்தேகமான துணியில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணி மாதிரி சுருளும். மணியானதையெல்லாம் கால்மிதிக்கு என்று ஒதுக்கிவிட்டேன். பழைய சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நைந்த இடங்களை விட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். உட்காருகிற இடம், கொசுவத்தின் அடி, தோளில் உரசுகிற முந்தி, இந்த மூன்றும் முதலில் போய்விடும்.

சுங்குடியின் அரக்குச் சிவப்பு தண்ணீரில் விடும். உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கிற சாயத்தை உப்பு கட்டிப்போடாது. அலசி அலசி வெளியேற்றுவதுதான் வழி. நனைந்த சேலையை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, கறை படியாதவரை அலசினேன். இதில் விட்டுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் பக்கத்துச் சதுரம் கேரள டபுள் முண்டு. கோரா நிறம், கசவுக் கரை இல்லாத சாதா ரகம். பக்கத்தில் இருக்கும் எந்த நிறத்தையும் தூக்கிக் காட்டும். புது முண்டு என்பதால் அதையும் சுடுதண்ணீரில் போட்டுச் சுருங்க வைத்துக்கொண்டேன்.

டிசைன் ரொம்பச் சுலபமானது: ஒன்பது கட்டம். ஐந்து பூச்சதுரம், நாலு முண்டுச் சதுரம். தைத்து முடிந்த சதுரம் இரண்டரை இன்ச், ஆக ஒரு கட்டம் ஏழரை இன்ச். ஒரு கட்டத்துக்கு அடுத்து அதே அளவில் வெறும் முண்டுத் துணி, மறுபடி கட்டம் என்று மாறி மாறி வரும். ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 60க்கு 90 இன்ச் வேண்டும். ஏழரையை எட்டுத் தடவையும் பன்னிரண்டு தடவையும் வைத்தால் அளவு கச்சிதமாக வரும்தான். ஆனால் இரட்டைப்படையில் போனால் ஒரு மூலையில் கட்டமும் பக்கத்து மூலையில் வெறும் துணியும் வந்து நிற்கும். நாலு மூலையும் ஒன்றுபோல இருக்க ஒற்றைப்படைதான் சரி. ஏழுக்குப் பதினொன்று, மொத்தம் 77. அதில் 39 ஒன்பது கட்டம், 38 வெறும் துணி. சுற்றி மூன்றே முக்கால் இன்ச் கரை வைத்தால் 60க்கு 90 வந்துவிடும். இந்தக் கணக்குக்கு முண்டில் இரண்டே கால் மீட்டர் போதும்.

இனி கைத்தையலின் விஷயத்துக்கு வருகிறேன். கையால் தைப்பவருக்குத் தையல் நேராகப் போகாதே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போகும். கோடு நேராக இருந்தால் தையல் நேராகப் போகும். மெஷினில் துணியின் வெட்டிய ஓரத்தை வைத்துத்தான் தைக்கிறோம், அதனால் வெட்டு பிசகக் கூடாது. கையால் தைக்கும்போது வெட்டிய ஓரம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. துணியின் பின்பக்கம் பென்சிலால் போட்ட கோட்டின் மேல்தான் ஊசி போகிறது. ஆகவே என் நேரத்தில் பெரும்பங்கு கோடு போடுவதில்தான் போனது. தையலைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

அளவு அட்டைக்குக் காலண்டர் அட்டை உதவாது. பென்சில் உரசி உரசி நாளடைவில் ஓரம் தேய்ந்து, சதுரம் சிறுத்துக்கொண்டே வரும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை இரண்டரை இன்ச் சதுரமாக வெட்டிக்கொண்டேன். தேயாது, கண்ணாடிபோல் ஊடே தெரிவதால் சுங்குடிப் புள்ளியை நடுவில் கொண்டுவரவும் முடியும். சேலைத் துணி பென்சிலோடு சேர்ந்து இழுபடும். அதற்கு அடியில் உப்புத்தாள் விரித்து, சொரசொரப்புப் பக்கத்தின் மேல் துணியைப் போட்டால் அசையாது. ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கிற சாமான் இது. தையலுக்கு இவ்வளவு உதவும் என்று அதை விற்கிறவருக்கே தெரிந்திருக்காது. சதுரத்தின் பக்கங்கள் துணியின் நேர் நூலோடு போக வேண்டும். கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டினால் ஒரு இழுப்புக்கே கோணிவிடும். கோட்டுக்கு வெளியே கால் இன்ச் தையலுக்கு விட்டு, கண்ணளவாகவே வெட்டலாம்.

தைப்பதற்கு சாதாரண ரன்னிங் தையல்தான். இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே வருமாறு வைத்து, மேல் துணியின் மூலைப்புள்ளியில் ஊசியைக் குத்தினால் கீழ்த் துணியின் மூலைப்புள்ளியில் வெளியே வர வேண்டும். இரண்டு மூலைக்கும் குண்டூசி போட்டு, புள்ளியில் தொடங்கி அடுத்த புள்ளியில் நிறுத்துகிறேன். தையலுக்கு விட்ட கால் இன்ச்சுக்குள் நூல் ஓடுவதே இல்லை. இதுதான் பெரிய சௌகரியம். நாலு சதுரங்கள் சேருகிற இடத்தில் அந்த மடிப்புகளை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். காற்றாடி இதழ்போல வட்டமாகச் சாய்த்து இஸ்திரி போட்டால் நடுவில் முடிச்சு மாதிரி தடிக்காது. கையால் தைத்த தையலை மெஷின் தையல்போல இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போடவும் கூடாது. பிரித்தால் இழுவிசை முழுக்க நூல் மேல் விழும். அடர்ந்த நிறத் துணிப் பக்கமாகச் சாய்த்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சிவப்பு ஓரம் முண்டு வழியாகத் தெரியும்.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாகக் கோத்தால் அடிக்கடி கோக்கும் வேலை மிச்சம் என்று தோன்றும். துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் பிசிறடித்து முறுக்கிக்கொள்ளும். மறையூரில் தேன் விற்பவரிடம் வாங்கிய தேன்மெழுகுக் கட்டியில் நூலை இழுத்துவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவே உருவினால் முறுக்கு குறைகிறது. ஊசி வாங்கும்போது நம்பர் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் நம்பர் ஊசி சேலைத் துணியில் வழுக்கிக்கொண்டு போகிறது. கண் வெள்ளெழுத்துக்காரர்கள் எட்டாம் நம்பரோடு நிற்பது உத்தமம்.

ஏன் மெஷினைத் தொடவில்லை என்பதற்கு இதில்தான் பதில். திண்ணையில் வெயில் நகர நகர நானும் நகர்ந்துகொள்ளலாம். பால் பொங்கினால் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து போகலாம். சதுரங்களைக் கோத்து வைத்த டப்பா பஸ்ஸிலும் கூட வருகிறது, கிறிஸ்துமஸ் கேரல் பாட வருகிற பிள்ளைகளுக்குக் காத்திருக்கும்போதும் மடியில் இருக்கிறது.

மேல் துணி நன்றாக உருவாகிக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு கேள்வி கேட்டார். "எல்லாஞ் சரி தாயி, உள்ள என்னத்த வச்சுத் தைக்கப் போற? வெறுஞ் சேலத் துணி இந்தக் குளிரத் தாங்குமா?" கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். குளிரைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு சாண் அளவுத் துண்டுகளாக ஒவ்வொன்றையும் வைத்துத் தைத்து, துவைத்துப் பார்த்தேன். போடியில் இலவம் பஞ்சுக்குப் பஞ்சமே இல்லை, அதனால் முதலில் அது. இலவம் பஞ்சின் இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. தலையணை உறைக்குள் அடைத்து வைத்தால் சரி. போர்வையில் மிக நெருக்கமாகத் தைத்தாலொழிய ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடுகிறது. சாதாப் பருத்திப் பஞ்சு கதகதப்பாக இருந்தது, ஆனால் துவைத்ததும் கட்டிகட்டியாகத் திரண்டு, காய்வதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் லேசானது, குளிரையும் தாங்கும், சீக்கிரம் காயும். கடையில் எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். பழைய சேலையின் நெசவு தளர்ந்திருப்பதால் அந்த இழைகள் மெல்ல மெல்லத் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன; தடவினால் தாடி முளைத்த மாதிரி இருக்கிறது. புதுத் துணிப் போர்வைக்கு வேண்டுமானால் வைக்கலாம்.

கடைசியில் ஜெயித்தது வீட்டிலேயே இருந்த பழைய கம்பளி. அத்தை தோட்ட வேலை பார்த்த காலத்தது. சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கிவிட்டது, இனி போர்வைக்குள் இருந்து சுருங்கி மேல் துணியைக் கசக்காது. அகலம் போதவில்லை என்பதால் இன்னொரு துண்டை ஒட்டுப் போட்டேன். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு வைத்து, குறுக்குமறுக்காகத் தளர்வாகத் தைத்தால் வரப்பு விழாது. சாம்பல் நிறக் கம்பளி கோரா முண்டு வழியாக அழுக்குப்போலத் தெரிந்ததால், நடுவில் மாமாவின் பழைய வேட்டி ஒன்றை விரித்தேன். அடியில் ஒரு முழுச் சுங்குடிச் சேலை. ஆக நாலு அடுக்கு.

கம்பளியோடு சேர்த்து நாலு அடுக்கையும் துளைத்துக்கொண்டு இன்ச்சுக்கு எட்டுப் பத்துத் தையல் போடுவது என் விரலால் ஆகாது, அந்த நுணுக்கம் இந்தத் துணிக்குத் தேவையுமில்லை. பந்தாகச் சுற்றி வருகிற, தடித்த எட்டாம் நம்பர் எம்பிராய்டரி நூலை எடுத்து, கால் இன்ச் நீளத் தையலாக, கண்ணுக்குத் தெரியும்படியே போடுகிறேன். கட்டில்களை வெளியே எடுத்துப் போட்டு, தரையில் அடித்துணியை டேப்பால் ஒட்டி, அடுக்கி, ஒரு கையகல இடைவெளியில் பெரிய தற்காலிகத் தையல் ஓட்டியாயிற்று. இனி நடுவிலிருந்து ஓரத்துக்கு வேலை போகிறது. ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும்.

இந்த விதியைத் தலைகீழாக்கி வைத்திருப்பவர்கள் வட கர்நாடகத்தில் இருக்கிறார்கள். உத்தர கன்னட மாவட்டத்தின் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத் துணிப் போர்வை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் முடிகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். சதுரங்களை முதலில் இணைத்து, பிறகு அடுக்கி, பிறகு தைப்பது என்று மூன்று வேலை இல்லை. விரித்த சேலையின் மேல் ஒவ்வொரு துண்டாக மடித்து வைத்து நேரடியாகத் தைத்துக்கொண்டே போகிறார்கள். அளவு அட்டை கிடையாது, கோடு கிடையாது. நாலு மூலையிலும் பூ என்ற பொருளில் ஃபூலா என்று சின்ன மடிப்புத் துண்டுகளை வைத்தால்தான் போர்வை முழுமையானது. பழஞ்சேலை நிறையக் கிடக்கிற நம் வீடுகளுக்கு அந்த முறைதான் இன்னும் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. அடுத்தது அப்படித்தான் தைப்பேன். அக்கா கடையிலிருந்து வந்த கோணல்மாணல் துண்டுகளை அதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போதைய நிலவரம்: மேல் துணி முடிந்தது, கரை வைத்தாயிற்று, நடுப் பகுதியில் பாதிக்கு மேல் தையல் ஓடிவிட்டது. பொங்கல் லீவுக்கு ஓரப் பட்டி மிச்சமிருக்கும். போர்வையின் ஓரம் நேர்கோடு என்பதால் நேர் பட்டியே போதும் என்பார்கள்; ஆனால் நேர் பட்டியில் மடிப்பு முழுவதும் ஒன்றிரண்டு நூலின் மேலேயே விழுவதால் அந்த நூல் தேய்ந்தால் ஓரம் முழுக்க விட்டுவிடும். அதனால் பிளவுஸ் கழுத்துக்கு வெட்டுகிற மாதிரி கிராஸ் பட்டிதான் வெட்டப் போகிறேன், இரண்டரை இன்ச் அகலம், இரண்டாக மடித்து. துணி கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அரக்குச் சுங்குடி இன்னும் ஒன்றரை மீட்டர் இருக்கிறது.