சிப் பிரமாதம், மெனுதான் சோதனை

ஹைஃபை மியூசிக் பிளேயர் வாங்கும்போது டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் டாக் (DAC) சிப்பின் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்தவன் நான். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் உயர்தர ஃபைல் அட்டகாசமாக ஒலிக்கிறது, சரி. ஆனால் ஒரே ஒரு ஆல்பம் சேர்த்தாலும் மொத்த மெமரி கார்டையும் முதலிலிருந்து ஸ்கேன் செய்கிறது. ஃபோல்டரில் 1-க்கு அப்புறம் 10 வருகிறது, 2 எங்கோ கீழே. கச்சேரிப் பதிவு கேட்டால் பாட்டுக்குப் பாட்டு கைதட்டல் அரை நொடி அறுந்துபோகிறது. (தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் (FLAC) ஃபைல்மேல் பழி போடாதீர்கள், அதில் இடைவெளியே கிடையாது.)

ஆண்ட்ராய்டு பிளேயர் என்றால் வேறு தலைவலி. எல்லா ஆப்களின் ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் சிஸ்டம் மிக்சர் வழியாகப் போகும் 44.1 கிலோஹெர்ட்ஸ் (சிடி அளவு) பாட்டு பெரும்பாலும் 48-ஆக மாறிவிடும். அதைத் தவிர்க்கத் தனி வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ராக்பாக்ஸ் என்ற திறமூல ஃபர்ம்வேர் (பிளேயரையே இயக்கும் மென்பொருள்) பழைய ஐபாடிலேயே பாட்டுகளை இடைவெளியின்றி ஓட்டும். என் பிளேயரில் அது ஏறாது. அதுதான் வயிற்றெரிச்சல்.