உள்ளங்கையைக் காட்டு

11 நவம்பர் 2025, செவ்வாய், சிங்கப்பூர்
மாலை நாலரைக்குப் பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு. சின்னவனுக்குக் காய்ச்சல், 38.4. பாதி வேலையில் எழுந்து ஓடினேன்.

12 நவம்பர், புதன்
39.1. புளோக்குக்குக் கீழே இருக்கும் மருத்துவர் தொண்டை சிவந்திருக்கிறது என்றார். காய்ச்சல் மருந்து பன்னிரண்டு கிலோ எடைக்கு ஏழரை மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவு இரண்டு மணிக்கு மருந்தை அப்படியே துப்பிவிட்டான். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சட்டையில் போனது? மறுபடி கொடுக்கப் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். இவருக்கு இந்த வாரம் முழுக்க இரவு வேலை.

13 நவம்பர், வியாழன்
குளிப்பாட்டக் காலுறையைக் கழற்றியபோது பார்த்தேன். வலது பாதத்தின் குழிவில் மூன்று, குதிகாலில் ஒன்று. சாம்பல் நிறத்தில் அரிசி போல நீள்வட்டமாக, சுற்றிலும் சிவந்த ஓரம். விரலால் தடவினால் உள்ளே நீர் இருப்பது தெரிகிறது. உள்ளங்கையிலும் இரண்டு. வாயைத் திறக்க மறுத்தான். அழுதபோது திறந்துகொண்டது. உள்நாக்குக்கு இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புண். இதை வைத்துக்கொண்டா நேற்று முழுக்க ரசம் சாதத்தைத் திணித்தேன்? எரிகிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, எனக்குப் புரியவும் இல்லை.

கை, கால், வாய்ப்புண் நோய். மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை, ஆன்டிபயாடிக் உதவாது, தண்ணீர் உள்ளே போனால் போதும் என்கிறார் மருத்துவர். 21ஆம் தேதி வரை மருத்துவச் சான்று.

பெரியவளுக்கு 22ஆம் தேதி கலைநிகழ்ச்சி. நோய் தொற்றி வெளியே தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகுமாம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். இன்றைக்குத் தொற்றியிருந்தால் 16 முதல் 20 வரை. நாளைக்குத் தொற்றினால் 21. அதற்குப் பிறகு தொற்றினால் எண்ணவே வேண்டாம்.

14 நவம்பர், வெள்ளி
நனைந்த டயாப்பர் நான்கு. நேற்று ஆறு.

15 நவம்பர், சனி
வீட்டை இரண்டாகப் பிரித்துவிட்டோம். அறை எனக்கும் சின்னவனுக்கும், கூடம் பெரியவளுக்கும் அவள் அப்பாவுக்கும். அவள் தட்டும் தம்ளரும் மேல் அலமாரியில் தனியாக இருக்கின்றன. பொம்மைகளைப் பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்தேன். கை சுத்திகரிப்பானை நம்பி இருக்கக் கூடாதாம், இந்தக் கிருமி அதற்கு அவ்வளவாக அடங்காது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இன்று எத்தனை முறை கழுவினேன் என்று தெரியவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து உப்புப் பட்டால் எரிகிறது.

காலையில் எழுந்ததும் பெரியவளைக் குழல் விளக்கின் கீழே நிறுத்தி, "உள்ளங்கையைக் காட்டு" என்கிறேன். வலது. இடது. பாதம். "ஆ" சொல். பள்ளி வாசலிலும் ஆசிரியை டார்ச் அடித்து இதையேதான் பார்க்கிறார். அறிகுறி இல்லாதவரை அவள் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நிகழ்ச்சியில் தமிழ்ப் பிள்ளைகள் சார்பில் அவள் ஒரு வரி சொல்ல வேண்டும். "வந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் அன்பான வணக்கம்." கூடத்தில் யாரும் இல்லாத நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். 'அன்பான' வரும்போது மட்டும் குரல் ஏறுகிறது.

மன்னார்குடியிலிருந்து அம்மா அழைத்தார். கொப்புளம் என்றதுமே அம்மை என்று முடிவுகட்டிவிட்டார். "தாளிக்காதேடி, வேப்பிலை வை, குணமானதும் மாரியம்மன் கோயிலுக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொள்." இது அம்மை இல்லை, வேறு வைரஸ் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கடைசியில், "சரி, இருந்தாலும் தாளிக்காதே" என்றார். நான் தாளிக்கவில்லை. இவர் தேக்கா சந்தையிலிருந்து வேப்பிலைக் கட்டு வாங்கி வந்தார். கதவில் செருகினேன். சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலுக்கு வருகிறேன் என்று வேண்டியும் கொண்டேன். 1827இலிருந்து அங்கே நிற்கிறவளுக்கு என்னைப் போல எத்தனை பேரைத் தெரியும்.

16 நவம்பர், ஞாயிறு, பின்னிரவு மூன்று மணி
தூக்கத்தில் திடுக்கிட்டுத் துள்ளுகிறானா என்று பார்க்கச் சொன்னார் மருத்துவர். அடிக்கடி துள்ளினாலோ, எழுப்பினால் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளைக்கு ஏறக்கூடிய வகை ஒன்று உண்டாம், என்டரோவைரஸ் 71.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், மாலையில் இளநீர் கொடுக்க வந்தவர், இதே நோய் பரவிய 2000ஆம் ஆண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்போது அவர் மகன் பாலர் பள்ளியில் இருந்தானாம். தீவு முழுக்கப் பாலர் பள்ளிகளை மூடினார்கள். சில குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு கையைப் பிடித்தார். கையைக் கழுவாமல் பிடிக்கவிட்டோமே என்று அப்போதும் எனக்கு அதே நினைப்புத்தான்.

பதினொன்றரைக்கு ஒரு துள்ளல். பன்னிரண்டே காலுக்கு ஒன்று. சாதாரணமாகவும் குழந்தைகள் துள்ளுவார்கள்தானே? பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது மின்விசிறிக் காற்றுக்கே துள்ளுவாள். ஆனால் அன்று நான் எண்ணவில்லை. ஒன்று ஐம்பதுக்கு அவனை எழுப்பியே பார்த்தேன். கண்ணைத் திறந்து, "அம்மா வேணாம்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தான். அந்த எரிச்சலைக் கேட்டு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. எரிச்சல்படத் தெம்பு இருக்கிறது.

இரண்டு மணிக்குப் பிறகு துள்ளவில்லை. உட்கார்ந்தேதான் இருக்கிறேன்.

17 நவம்பர், திங்கள்
குழந்தைப் பராமரிப்பு விடுப்பு முடிந்துவிட்டது. ஆண்டுக்கு ஆறு நாள். பிள்ளை ஒன்றானாலும் மூன்றானாலும் ஒருவருக்கு ஆறுதான். என் ஆறில் மார்ச்சிலேயே மூன்று போய்விட்டது. இனி சம்பளமில்லா விடுப்பு. மேலாளர், "உங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அந்தக் கேள்வியை நாள் முழுக்கச் சுமந்தேன். யார் இருப்பார்கள்? அத்தை இருந்திருந்தால் இப்படிக் கேட்க நேர்ந்திருக்காது.

டயாப்பர் மூன்று. உதடு காய்ந்திருக்கிறது. இன்றிரவுக்குள் குடிக்காவிட்டால் நாளைக் காலை மருத்துவமனை. பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன்.

18 நவம்பர், செவ்வாய்
குடித்தான்!

நேற்றிரவு எட்டு மணி. கிண்ணம், உறிஞ்சுகுழல், கரண்டி, மருந்து ஊசிக்குழல் எல்லாவற்றையும் தட்டிவிட்டான். நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன், பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று தோன்றவே இல்லை. அறை வாசலில், தாண்டக் கூடாது என்று நான் சொன்ன அந்த இடத்தில் சரியாக நின்றுகொண்டு பெரியவள் சொன்னாள்: "மூடியில் கொடுங்கள் அம்மா. என் பொம்மைக்கு நான் அப்படித்தான் கொடுப்பேன்."

தண்ணீர்ப் புட்டியின் நீல மூடி. அதில் ஆறவைத்த பார்லித் தண்ணீர், இரண்டு வாய் அளவுகூட இருக்காது. அவள் வாசலிலிருந்தே வெறும் கையை மூடி போலக் குவித்துக் குடித்துக் காட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். மூடியை அவனே வாங்கினான். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். அவள் இன்னொன்று குடித்தாள். அவனும் இன்னொன்று. பதினேழு மூடி. நான் எண்ணினேன், அவளும் எண்ணினாள். பதினான்கில் எங்கள் இருவர் கணக்கும் தவறிப்போய் மறுபடி சரிசெய்துகொண்டோம்.

கதவைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போகவில்லை. இன்னும் நான்கு நாள்.

இன்று காலை டயாப்பர் கனத்துக் கிடந்தது.

19 நவம்பர், புதன்
பெரியவள் இடது கையைத் திறக்க மறுத்தாள். வலதைக் காட்டினாள், பாதம் இரண்டையும் காட்டினாள், இடதை முதுகுக்குப் பின்னால் மூடி வைத்துக்கொண்டாள். என் வயிறு கலங்கிப்போனது. "காட்டு" என்றேன். தலையை ஆட்டினாள். கத்திவிட்டேன். விரல் விரலாகப் பிரித்தேன். நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

விளக்குக்கு அருகே கொண்டுபோனேன். அழுத்தினேன். ஈர விரலால் தேய்த்தேன். கலைந்தது. சிவப்புப் பேனா மை. எப்படிப் பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. இரவில் பார்த்தவள், வந்துவிட்டது என்று எண்ணி யாரிடமும் சொல்லாமல் கையை மூடியபடியே தூங்கியிருக்கிறாள். ஆறு வயது. ஒரு இரவு முழுக்க அதைத் தனியாக வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் சுவருக்கு இந்தப் பக்கம் தம்பியின் துள்ளலை எண்ணிக்கொண்டு.

20 நவம்பர், வியாழன்
கை சுத்தம். பாதம் சுத்தம். வாய் சுத்தம்.

21 நவம்பர், வெள்ளி
கை சுத்தம். மஞ்சள் பட்டுப்பாவாடையைத் தேய்த்து மாட்டினேன்.

சான்று இன்றோடு முடிகிறது. சின்னவனையும் நாளை அரங்குக்குத் தூக்கிப் போகலாமே என்றார் இவர். குதிகாலில் இரண்டு கொப்புளம் இன்னும் காயவில்லை. அத்தனை பிள்ளைகள் கூடுகிற இடம். யாரோ ஒருவர் இப்படி, பரவாயில்லை என்று நினைத்துத்தானே என் பிள்ளைக்கு வந்தது. நான் போகவில்லை. அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

22 நவம்பர், சனி
இவர் அரங்கிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டினார். முன்வரிசைத் தலைகள், திரை, மஞ்சளாக ஏதோ நகர்கிறது, அவள்தான். ஒலிபெருக்கியில் "வந்திருக்கும்" என்று கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது.

மதியம் வந்தாள். கன்னத்தில் ரோஜா நிறச் சாயம் அப்படியே இருந்தது. "கேட்டீர்களா அம்மா?" ஒரு சொல்தான் கேட்டது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அறை வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முழுதாகச் சொன்னாள். 'அன்பான' வரும்போது குரல் ஏறியது.

வா என்று கையை நீட்டினேன். அவள் வரவில்லை.

"கை கழுவிவிட்டீர்களா?"

எழுந்து போய்க் கழுவினேன். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. அவள் பக்கத்தில் நின்று இருபது வரை எண்ணினாள். துடைத்துக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் அவளிடம் காட்டினேன்.

26 நவம்பர், புதன்
சின்னவன் பள்ளிக்குப் போனான். நான் வேலைக்கு. மேசையில் பதினைந்து நாள் தாள்கள்.

30 நவம்பர், ஞாயிறு
மாரியம்மன் கோயில். நால்வரும் போனோம். பெரியவள் என் கையை விடவே இல்லை, செருப்பைக் கழற்றும்போதுகூட.

18 டிசம்பர், வியாழன்
சின்னவனின் வலது கட்டைவிரல் நகம் அடியிலிருந்து பிரிந்து நிற்கிறது. பெரியவள்தான் முதலில் பார்த்தாள். அவனை விளக்கின் கீழே இழுத்து வந்து, "உள்ளங்கையைக் காட்டு, இப்போது திருப்பு" என்கிறாள். இந்த நோய்க்குப் பிறகு சில வாரம் கழித்து இப்படி நகம் விழுவது உண்டு, கீழே புதிதாக முளைத்துவிடும் என்று மருத்துவர் சொன்னார். வலியில்லை. இடது கை நடுவிரலிலும் ஒரு கோடு தெரிகிறது.