டர்ன் ஆஃப்-ஐ ஸ்பானிஷில் அணைத்த கதை

பெங்களூரில் ஸ்பானிஷை வைத்துப் பிழைக்கலாம் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பிழைக்கலாம். லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான சப்போர்ட் வேலை இருக்கிறது, செயலிகளையும் கருவிகளின் கையேடுகளையும் மொழிபெயர்க்கும் வேலை இருக்கிறது. இரண்டாவது வகைக்குத்தான், பி2 நிலை (நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல்) முடித்த கையோடு, வைட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். தேர்வு உண்டு, மெக்சிகோ ஸ்பானிஷில் எழுத வேண்டும் என்று சொல்லி மாதிரித்தாள் ஒன்றை அனுப்பினார்கள். திறந்தால் முழுக்க ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு ஒரு சின்னத் துண்டு ஒட்டிப் பொருளே மாறிவிடும் ஆங்கிலச் சொற்கள். டர்ன் ஆன், டர்ன் ஆஃப், டர்ன் அப், டர்ன் டவுன், புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், ரன் அவுட், ரன் இன்டு, ரன் ஓவர். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி முகம் ஒன்றுதான், குணம் ஆளுக்கு ஒன்று.

அட்டவணை போட்டு மனப்பாடம் செய் என்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. போட்டேன். 'டர்ன் டவுன்' எதிரே 'ரெச்சஸார்'. வந்த வேலையை வேண்டாம் என்று சொல்வதற்கு அது சரி. டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் 'பஹார்'. 'டர்ன் அப்' சத்தத்துக்கு 'சுபீர்', அழைக்காத ஆள் கல்யாணத்தில் வந்து நின்றால் 'அபரெசேர்'. ஒவ்வொரு கட்டத்திலும் இப்படி நாலைந்து சொல் குவிந்ததும் அட்டவணை எதற்கு என்றே தெரியவில்லை. ஆங்கிலம் அப், டவுன், ஆஃப் என்று வினைக்குப் பின்னால் ஒட்டும் துண்டில் பொருளின் பெரும்பகுதியை வைக்கிறது. ஸ்பானிஷுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, வினையிலேயே எல்லாம் இருக்க வேண்டும். அதனால் துண்டுக்குத் துண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது.

அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போய்வரும் நேரத்தில்தான் (இடம் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசிக்கலாம்) ஆங்கில வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் விளக்கை டர்ன் ஆஃப் செய்கிறார்கள், தீயை புட் அவுட் செய்கிறார்கள், மெழுகுவத்தியை ப்ளோ அவுட் செய்கிறார்கள். தமிழில் மூன்றும் அணைப்பதுதான். ஸ்பானிஷிலும் மூன்றுக்கும் 'அபகார்' போதும். குழாயை ஆங்கிலத்தில் டர்ன் ஆன் செய்ய வேண்டும், நாம் திறப்போம், அவர்களும் 'அப்ரீர்' என்று திறப்பார்கள், 'செர்ரார்' என்று மூடுவார்கள். 'புட் ஆன்' இன்னும் அழகு. பாட்டுப் போடு என்றால் 'பொனேர்', செருப்புப் போட்டுக்கொள் என்றால் 'பொனேர்செ'. நம் 'கொள்' செய்யும் வேலையை அங்கே கடைசியில் ஒட்டும் 'செ' செய்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கொஞ்சம் தலைகனம் கூட வந்தது.

ஒரு சிக்கல், நம் பேச்சில் இதெல்லாம் எங்கே மிச்சமிருக்கிறது? 'லைட்டை ஆஃப் பண்ணு', 'கால் பிக்கப் பண்ணு' என்று அந்த ஆங்கிலத் துண்டையும் சேர்த்துத் தூக்கி ஒரு 'பண்ணு' வைத்துவிடுகிறோம். அந்தத் தமிழ் இந்த வேலைக்கு உதவாது. என் அத்தை பேசும் தமிழ் வேண்டும், அவர் இன்னமும் அடுப்பை அணைக்கிறார்.

அப்புறம்தான் மொழியியலில் இதை ஏற்கெனவே ஆராய்ந்திருப்பது தெரிந்தது. லெனர்ட் தால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970-களில் தொடங்கி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நகர்வின் திசையை வினைக்குள்ளேயே வைக்கும் மொழிகள் ஒரு வகை, வினைக்கு வெளியே ஒரு துணைச்சொல்லில் வைப்பவை இன்னொரு வகை. ஆங்கிலம் இரண்டாவது வகை. ஸ்பானிஷ் முதல் வகை, தமிழையும் அவர் அந்தப் பக்கம்தான் வைக்கிறார். ஆங்கிலத்தில் ஆற்றை 'ஸ்விம் அக்ராஸ்' செய்வான். நாம் நீந்திக் கடந்தான் என்போம். ஸ்பானிஷில் 'குரூஸோ எல் ரீயோ நாதாந்தோ', அதாவது கடந்தான், எப்படி, நீந்தி. வரிசை மட்டும் தலைகீழ். 'ரன் அவுட்' என்று ஒருவன் வீட்டைவிட்டு ஓடினால் 'சாலியோ கொர்ரியேந்தோ', ஓடி வெளியேறினான். அதே 'ரன் அவுட்' பணத்துக்கு வந்தால் 'செ மெ அகபோ எல் தினேரோ', எனக்குப் பணம் தீர்ந்துபோச்சு. பணம்தான் தீர்கிறது, நான் ஓரமாக 'எனக்கு' என்று நிற்கிறேன். ஆங்கிலத்தில்தான் நானே எழுவாயாக நின்று குற்றத்தை ஏற்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'தெஹார்'. சிகரெட்டை கிவ் அப் செய்வது, குழந்தையை ஸ்கூலில் ட்ராப் ஆஃப் செய்வது, ஒருவரைப் போக அனுமதிப்பது, 'சரி விடு' என்று அலுத்துக்கொள்வது, நான்குக்கும் அதே வினை வரும். நம் 'விடு'வை எடுத்து மேலே வைத்துப் பாருங்கள், நான்கும் பொருந்தும்.

எல்லாம் இப்படிப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் உடம்பு 'வெயிட் போடும்', ஸ்பானிஷில் 'பொனேர்' அங்கே வராது, 'சுபீர் தெ பெஸோ' என்று எடை ஏற வேண்டும். 'ஈட் அப்' என்பதற்கு சாப்பிட்டுவிட்டான் மாதிரி 'செ கொமியோ' உண்டு, ஆனால் அந்த 'செ' வர இன்னதை, இவ்வளவை என்று அளவு தெரிய வேண்டும். அந்த ஆப்பிளைச் சாப்பிட்டுவிட்டான் சரி, பொதுவாக ஆப்பிள் சாப்பிடுவான் என்பதற்குக் கூடாது. நம் 'விட்டான்'க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் காது உதவாது, விதியைப் படிக்கத்தான் வேண்டும்.

நாட்டுக்கு நாடு மாறுவது தனித் தலைவலி. உதாரணத்துக்கு 'பிக் அப்' ஒன்றே போதும். போனை எடுப்பதற்கு ஸ்பெயினில் 'கொஹேர்' சாதாரணச் சொல், மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. மெக்சிகோ தாளில் 'கொந்தெஸ்தார்' என்று எழுத வேண்டும். பார்சலை எடுக்க 'ரெகொஹேர்' எங்கும் பிரச்சினை இல்லை. கார் ப்ரேக் டவுன் ஆனால் ஸ்பெயினில் 'அவெரியார்செ', மெக்சிகோவில் 'தெஸ்கொம்பொனேர்செ'. செலவு விவரத்தை ப்ரேக் டவுன் செய்தால் இரண்டும் இல்லை, 'தெஸ்க்ளொஸார்'. இதற்குத் தமிழ் கைகொடுக்காது. 2010-இல் ஸ்பானிஷ் மொழி அகாதமிகள் சேர்ந்து வெளியிட்ட அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது, நான் அதில்தான் பார்ப்பேன்.

தேர்வில் மாதிரித்தாளின் வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை, கூட்டத்தை புட் ஆஃப் செய்வதும் கால் ஆஃப் செய்வதும் ஒரே பத்தியில் வந்தன. தள்ளிவை, ரத்து செய் என்று ஓரத்தில் தமிழில் கிறுக்கிவிட்டு 'போஸ்பொனேர்', 'கன்செலார்' என்று எழுதினேன். வேலை கிடைத்தது. முதல் கோப்பு ஹோட்டல் செயலி ஒன்றுக்கு, அதில் செக் இன், செக் அவுட், செக் ஓவர், செக் ஆஃப், செக் அப் ஆன் என்று ஐந்தும் ஒரே திரையில்.