ஹெட்செட்டுக்குள் நடந்ததற்குப் புகார் கொடுத்த கதை

விஆர்ல, அதாவது ஹெட்செட் மாட்டினா தெரியற மெய்நிகர் உலகத்துல, நடந்ததுக்கெல்லாம் போலீஸ் வருமா என்று கோத்தகிரியில் எங்களைக் கேட்காத ஆள் இல்லை. வரும். தங்கச்சி சம்மதித்ததால்தான் எழுதுகிறேன்.

ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கொண்டு சிநேகிதிகளோடு அரட்டை அடிக்கும் இடத்தில் ஒரு அவதார் (யாரோ ஒருவர் அங்கே உலவப் பயன்படுத்தும் பொம்மை உருவம்) அவள் பின்னாலேயே வர ஆரம்பித்தது. அறை மாறினாலும் வரும், பிளாக் செய்தால் வேறு பெயரில் வரும், காதோரம் நின்று நல்ல தமிழில் அசிங்கமாகப் பேசும். 1930 பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய எண், அதனால் நாங்கள் தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகாரைப் பதிந்தோம், அப்புறம் ஊட்டிக்கு வரச் சொன்னார்கள்.

எஸ்.ஐ. முதலில் கேட்டது, "உடம்புல கை படவே இல்லையேம்மா, என்ன செக்ஷன் போடறது?" நியாயமான கேள்விதான். ஆனால் பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 78, அதாவது பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கான பிரிவுக்கு, தொட வேண்டியதில்லை, ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்ந்து திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றாலே போதும்.

சிக்கல் ஆதாரத்தில்தான். ஹெட்செட் ரெக்கார்டிங்கில் போட்டிருப்பவர் பார்த்தது மட்டும்தான் பதிவாகும், இவனோ பின்னால் நிற்பவன், குரல் மட்டும் இருக்கிறது. நல்லவேளை, அந்த அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு, தங்கச்சி திரும்பும்போது அதில் அவன் உருவம் முழுசாக விழுந்திருந்தது. எஸ்.ஐ. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

இன்னொரு குழப்பம் நேரம். எங்கள் புகாரில் இரவு 12:40, அந்த விஆர் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் மெயிலில் முந்தின நாள் தேதி போட்டு 19:10. அது யுடிசி என்ற உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இதை ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டோம்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிப்போகும், கேபிள் போட்டு அப்படியே எடுங்கள். அதன் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) பிஎஸ்ஏ என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ன் கீழ் சான்றிதழ் வேண்டும், அதில் பகுதி 'அ' நாம் நிரப்ப வேண்டும், பகுதி 'ஆ' நிபுணர். ரீசெட் அடித்துவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், அடித்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையோடு தந்தார்கள், எஃப்.ஐ.ஆர். பிறகுதான். இப்போது கணக்கு விவரமும் ஐபி முகவரியும் கேட்டு நிறுவனத்துக்கு பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94 நோட்டீஸ் போயிருக்கிறது. ஹெட்செட் ஸ்டேஷனில் இருக்கிறது, ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். எப்போ தருவாங்க என்று தங்கச்சிதான் தினமும் நச்சரிக்கிறாள்.