நியூட்ரல்ல நிக்காத லேத்: லீவர் ரிப்பேர் நாட்குறிப்பு

ஜூன் 3
இன்னைக்கு உண்மையிலேயே பயந்துட்டேன். லேத்ல, அதாவது இரும்பைச் சுத்த விட்டு செதுக்குற மெஷின்ல, த்ரெட் வெட்டிட்டு கேரேஜ்ல (டூலைத் தாங்கி நகர்ற பாகம்) இருக்கிற ஃபார்வர்டு ரிவர்ஸ் லீவரை நடுவுக்கு, அதாவது நியூட்ரலுக்கு கொண்டு வந்தேன், க்ளிக்னு உக்காந்துச்சு, ஆனா ஜாப்பைப் பிடிச்சு சுத்துற சக் நிக்கல, ஓடிக்கிட்டே இருக்கு. ரிவர்ஸ் பக்கமா இன்னும் கொஞ்சம் தள்ளினப்புறம்தான் நின்னுச்சு. டூல் போய் ஜாப்போட (செதுக்குற உருப்படி) ஷோல்டர்ல, அதாவது தடிமன் கூடுற படியில இடிக்க ரெண்டு மில்லி கூட இல்ல. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன், காரணம் தெரியாம இதுல ஒரு ஜாப் கூட மாட்டப் போறதில்ல.

ஜூன் 4
கரண்ட் பக்கம் முதல்ல பாத்தேன். மெயின் ஆஃப்லயே, லீவர் திரும்பினா அமுங்குற ரெண்டு மைக்ரோ சுவிட்சையும் வயர் கழட்டி விரலால அமுக்கி மல்டிமீட்டர் வெச்சேன், அமுக்கினா சேருது, விட்டா உடனே பிரியுது. மோட்டாருக்கு கரண்ட் விடுற கான்டாக்டரும் ஒட்டிக்கல. அப்போ கோளாறு லீவருக்கும் சுவிட்சுக்கும் நடுவுல எங்கயோ.

ஜூன் 6
லீவர் அடியில க்ளிக் குடுக்குற குண்டையும் (பால்) ஸ்பிரிங்கையும் மாத்தினேன். பழைய ஸ்பிரிங் தளர்ந்துதான் போயிருந்துச்சு. இப்ப க்ளிக் கெட்டியா கேக்குது, ஆனா சக் பழைய மாதிரிதான், லேட்டா நிக்குது. ஒரு நாள் போச்சு. க்ளிக் சத்தம் லீவர் எங்க நிக்குதுன்னுதான் சொல்லும், அந்தக் கோடியில சுவிட்சை அமுக்குற கேம் (மேடு வெச்ச துண்டு) எங்க நிக்குதுன்னு சொல்லாது, இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்.

ஜூன் 7
லீவர் திருப்புறதை ஹெட்ஸ்டாக் (சக் இருக்கிற கோடிப் பெட்டி) வரைக்கும் கொண்டு போறது கேரேஜுக்கு முன்னாடி நீளமா ஓடுற கன்ட்ரோல் ராடு. அதுல கீவே (நீளமான காடி) இருக்கு, லீவரோட கீ (காடிக்குள்ள உக்கார்ற துண்டு) அதுல வழுக்கிக்கிட்டே போகும். நாம எப்பவும் சக் பக்கம்தான வேலை செய்றோம், அதனால கீவே தேஞ்சிருந்தா அங்க ஆட்டம் அதிகமாவும் எதிர்க் கோடியில, டெயில்ஸ்டாக் பக்கம் கம்மியாவும் இருக்கணும். கேரேஜை ரெண்டு கோடிக்கும் தள்ளி ஆட்டிப் பாத்தேன், ரெண்டு இடத்துலயும் ஒரே அளவு ஆட்டம். அப்போ கீவே இல்ல. அப்புறம் ஹெட்ஸ்டாக் கிட்ட ராடு மேலயும் அதுல மாட்டியிருக்கிற கேம் காலர் (வளையம்) மேலயும் சேத்து மார்க்கர்ல ஒரே கோடு போட்டு லீவரை மெதுவா திருப்பினேன். கோடு ரெண்டா பிரிஞ்சுச்சு! ராடு திரும்புது, காலர் அப்படியே நின்னு அப்புறம்தான் கிளம்புது. ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற பின்னுதான் கோளாறு.

ஜூன் 8
பின்னை தட்டி எடுத்தேன், எடுத்துப் பாத்தா டேப்பர் பின்னே (ஒரு பக்கமா சிறுத்துப் போற பின்) இல்ல, யாரோ எப்பவோ நேரான கம்பியை வெட்டி அடிச்சு வெச்சிருக்காங்க. ஓட்டை டேப்பர், கம்பி நேர், சின்ன வாய்ல மட்டும்தான் பிடிச்சிருக்கு, மத்த இடம் முழுக்க லூசு. ஆட ஆட ஓட்டையும் முட்டை வடிவமா ஆயிடுச்சு. இதைப் பாத்ததும் வந்த கோவம் இன்னும் போகல. நிறுத்துற லீவருங்க இது, இதுல போய் கைக்கு கிடைச்சதை அடிக்கலாமா?

ஜூன் 11
காலரை ராடுலயே வெச்சு, கேமை சரியான இடத்துல நிறுத்தி, 1:50 டேப்பர் ரீமர் (50 மில்லி நீளத்துக்கு 1 மில்லி சிறுக்குற மாதிரி ஓட்டையைச் சீவுற கருவி) போட்டேன். பழைய ஓட்டை 5 மில்லி பின்னுக்கானது, இப்ப 6 மில்லி பின்னுக்கு பெருசாக்கியாச்சு. கொஞ்சம் ரீம் பண்றது, பின்னை விட்டுப் பாக்குறது, மறுபடி ரீம் பண்றதுன்னே போச்சு, அவசரப்பட்டா பின் உள்ள போய் விழுந்துடும். கையால அமுக்கினப்போ நாலு மில்லி வெளிய நின்னுச்சு, செம்பு சுத்தியலால ரெண்டு அடி, கச்சிதம்.

ஜாப் எதுவும் மாட்டாம கம்மி ஸ்பீடுல ஃபார்வர்டு, நியூட்ரல், ரிவர்ஸ், நியூட்ரல்னு இருபது தடவை போட்டேன். இருபது தடவையும் நடுவுல க்ளிக் கேட்ட உடனே மோட்டார் கட் ஆச்சு. மார்க்கர் கோட்டை அழிக்கல, அது அங்கயே இருக்கட்டும், தினம் காலையில ஒரு பார்வை பாத்துக்கலாம்.