வேன் கூரையில் 20 எம்எம் ஓட்டை: வைஃபை ஆன்டெனா பொருத்திய கதை

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. ஆனைமலைப் பக்கம் மாமனார் தோட்டத்தில், கிணற்று மேட்டில் நிறுத்திய வேனுக்குள் உட்கார்ந்தபடி திருப்பூர் கம்பெனிக்கு 400 எம்பி ஃபைல் ஒன்றை அனுப்பி முடித்தேன். மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. இதே இடத்தில் தைப்பொங்கலுக்கு வந்தபோது போனில் வைஃபை ஒரே ஒரு கோடு காட்டும், வேன் கதவைச் சாத்தினால் அதுவும் போய்விடும். தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு சிக்னலைக் குறை சொல்லி என்ன செய்ய?

சாளைக்கும் (தோட்டத்து வீடு) கிணற்று மேட்டுக்கும் 250 மீட்டர். சாளையில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. வேனை வாசலிலேயே நிறுத்திவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லைதான். ஆனால் வாசலில் நிறுத்தினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அத்தை காபி கொண்டுவந்துவிடுவார், வேலை ஓடாது. அதனால் கிணற்று மேடு.

முதலில் பண்ணிய கூத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 8 டிபிஐ (ஆன்டெனாவின் கெயின், அதாவது சிக்னலைக் கூட்டும் அளவு) குச்சி ஆன்டெனா ஒன்றை ஏணியில் கட்டி, 8 மீட்டர் ஆர்ஜி58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளைப் பின் கதவு ரப்பர் வழியாக உள்ளே இழுத்து, உக்கடத்தில் வாங்கிய பழைய ரூட்டரில் மாட்டினேன். ஒன்றுமே வரவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க செட்டிங்கைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ரூட்டரில் இருந்த கனெக்டர் எஸ்எம்ஏ, கேபிள் நுனியில் இருந்தது அதே மரையில் ஊசியும் ஓட்டையும் இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ. மரை அழகாக ஏறி இறுகும், ஆனால் நடுவில் இரண்டு பக்கமும் ஓட்டை, ஊசி எந்தப் பக்கமும் கிடையாது. 70 ரூபாய் அடாப்டர் போட்டதும் சிக்னல் வந்தது. எவ்வளவு? கையில் இருக்கும் போனைவிட இம்மியும் கூடுதல் இல்லை. வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஆர்ஜி58 மீட்டருக்குச் சுமார் 1 டிபி தின்றுவிடும். ஆன்டெனா 8 கொடுத்தது, கேபிள் 8 எடுத்துக்கொண்டது. கணக்கு நேர்.

தடிமனான எல்எம்ஆர்-400 கேபிள் போட்டால் மீட்டருக்கு 0.22 டிபிதான் போகும். ஆனால் அது சுண்டுவிரல் தடிமனுக்கு முரட்டுக் கயிறு மாதிரி இருக்கும், வேன் ஓரத்தில் வளைக்க முடியாது. அதற்கு ரேடியோவையே மேலே வைத்துவிட்டு, வெறும் ஈதர்நெட் கேபிளைக் கீழே இறக்குவது மேல். வாங்கியது டிபி-லிங்க் சிபிஇ210. ஆன்டெனாவும் ரேடியோவும் ஒரே டப்பாவில், 9 டிபிஐ. 24 வோல்ட் பாசிவ் பிஓஇ, அதாவது ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் போகும், நீல ஜோடியில் பிளஸ், பழுப்பு ஜோடியில் மைனஸ். வேன் பேட்டரி 12 வோல்ட் என்பதால் அதை 24-ஆக ஏற்ற நடுவில் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர். இதெல்லாம் அரை நாள் வேலை.

மீதி ஒன்றரை மாசத்தைத் தின்றது கூரையில் போட்ட ஒரு ஓட்டை.

கதவு ரப்பர் வழியாகவே கேபிளை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டுப் பார்த்தாயிற்று. கதவை நாற்பது தடவை சாத்தியதில் கேபிளின் உறை நசுங்கி, உள்ளே பச்சைக் கம்பி அறுந்தேவிட்டது. சரி, கூரைதான்.

என் வேன் பழைய டெம்போ ட்ராவலர். கரூரில் ஒரு பாடி பட்டறையில் உள்வேலை செய்தது. கூரைத் தகரம் சமதளம் கிடையாது. நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக வரி ஓடும். மேட்டில் ஓட்டை போட்டால் தண்ணீர் நிற்காது, ஆனால் மேடு அகலம் போதாது, கேபிள் கிளாண்டின் (கேபிளைச் சுற்றி இறுக்கித் தண்ணீர் புகாமல் அடைக்கும் திருகுமூடி) வாஷர் சமமாக உட்காராது. பள்ளத்தில் போட்டால் வாஷர் கச்சிதமாக உட்காரும், ஆனால் மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். இரண்டு வாரம் ஏணியில் ஏறி நின்று இந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டம்மாவிடம், "சாருக்கு ஏனுங்க ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று விசாரித்திருக்கிறார்.

கடைசியில் தோன்றிய யோசனை: பள்ளத்திலேயே ஓட்டை, ஆனால் ஓட்டையின் வாயை உயர்த்திவிடுவது. 60 எம்எம் விட்டத்தில் ஒரு அலுமினியத் தட்டு, 3 எம்எம் தடிமன், அதன் நடுவில் 20 எம்எம் உயரத்துக்கு ஒரு காலர், காலருக்குள் மரை. தட்டு தகரத்தில் ஒட்டும், கிளாண்ட் காலரின் தலையில் ஏறும். தண்ணீர் சுற்றி நின்றாலும் வாய் வரை எட்டாது. கோயமுத்தூரில் இருந்துகொண்டு இதற்கா ஆன்லைனில் தேடுவது? கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் படம் வரைந்து எடுத்துப் போனேன்.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பட்டறைக்காரர் கேட்டார், "இது எந்தப் பம்ப்புக்குங்க?"

"பம்ப்புக்கு இல்லீங்ணா, வேன் கூரைக்கு."

"கூரைக்கு ஏனுங்க காலரு?"

சொன்னேன். சிரித்துவிட்டார். "அட, ஓட்டையச் சுத்தி வரப்புக் கட்டறீங்க, அவ்வளவுதானுங்?"

அவ்வளவுதான். நான் மூன்று வரியில் விளக்கியதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மறுநாளே தயார், 350 ரூபாய். விளிம்பில் பிசிறுகூட இல்லை, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஒரு பளபளப்பு.

வீட்டுக்கு வந்து கிளாண்டைத் திருகினால் இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது. நான் படத்தில் எழுதியது எம்20, அதாவது 20 எம்எம் மரை. பட்டறைக்காரர் சரியாக 1.5 எம்எம் பிட்ச்சில் (மரைச் சுற்றுகளின் இடைவெளி) மரை வெட்டியிருக்கிறார். காந்திபுரத்தில் ஒரு கடையில் எம்20 என்று சொல்லிக் கொடுத்த கிளாண்டோ பிஜி13.5 என்ற வேறு மரை. அதன் வெளிவிட்டம் 20.4 எம்எம், மரை அங்குலத்துக்கு 18. கண்ணால் பார்த்தால் அண்ணன் தம்பி. இதுதான் இந்த வேலையில் என்னை அதிகம் கடுப்பேற்றியது. எஸ்எம்ஏ என்றால் ஆர்பி-எஸ்எம்ஏ, எம்20 என்றால் பிஜி13.5, ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தருகிறார்கள், கேட்டால் "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்கிறார்கள். விட்டம் அளக்கும் வெர்னியர் இல்லாமல் கடைக்குப் போவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

சரியான கிளாண்ட் வந்ததும் ஓட்டை. உள்ளே பிளைவுட், நடுவில் தெர்மாகோல், மேலே தகரம். குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று காந்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, மேலிருந்து 3 எம்எம் பிட்டில் முதல் துளை, அப்புறம் ஸ்டெப் பிட்டில் பெரிதாக்கினேன். ஓட்டையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, கீழே வேனுக்குள் மகனைக் குப்பைக்கூடையோடு நிற்கவைத்தேன். இரும்புத்தூள் மெத்தையில் விழுந்தால் அப்புறம் நான் கிணற்று மேட்டிலேயே குடியிருக்க வேண்டியதுதான். வெட்டிய விளிம்பை அரம் போட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டிங். இதை விட்டுவிட்டால் துரு ஓட்டையிலிருந்துதான் கிளம்பும்.

அடுத்தது ஒட்டுவது. கையில் இருந்த பாத்ரூம் சிலிக்கானைத் தட்டின் அடியில் பிதுக்கி ஒட்டிவிட்டு, பெருமையாகக் கரூர் ஃபிட்டருக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏனுங்க, அந்தச் சிலிக்கான் வினிகர் வாசம் அடிக்குதுங்களா?"

"ஆமாங்ணா."

"அதப் பேத்து எறிங்க மொதல்ல. அந்தப் புளிப்பு தகரத்த அரிச்சுப்போடும். நாங்க பஸ்ஸுக்கு எங்கீங்க சிலிக்கான் வெக்கிறோம்? பியூ போடுங்க."

அவர் சொன்னது சரிதான். அந்த வகை சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும், அதுதான் அந்த வாசம். பேர்ப்பது லேசாக இல்லை. சிலிக்கான் படலம் துளி மிச்சம் இருந்தாலும் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. பிளேடால் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, மறுபடி ரெட் ஆக்சைடு அடித்து என்று ஒரு சனிக்கிழமை போயிற்று. அப்புறம் அவர் சொன்ன பியூ, அதாவது பாலியூரித்தேன் பசை: சிகாஃப்ளெக்ஸ்-221. கருப்பு, வெள்ளை இரண்டும் கிடைக்கும். வெள்ளை வாங்குங்கள், கருப்பு கையில் பட்டால் ஒரு வாரத்துக்குப் போகாது. தட்டை அமுக்கும்போது சுற்றிலும் ஒரே சீராகப் பிதுங்கி வரவேண்டும், ஆனால் மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடும் அளவுக்கு அமுக்கக் கூடாது. நான் தட்டுக்கு அடியில் மூன்று இடத்தில் 2 எம்எம் ரப்பர் துண்டு வைத்து அமுக்கினேன். அந்த இரண்டு எம்எம் பசைதான் வெயிலில் அலுமினியமும் இரும்பும் வேறுவேறு அளவில் விரியும்போது பிய்யாமல் தாங்கும். காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இது இறுகும். பங்குனி வெயிலில் காற்றில் ஏது ஈரம், நான்கு நாள் தொடாமல் விட்டேன்.

அவ்வளவு செய்தும், வாட்டர் சர்வீஸில் வேனைக் கழுவக் கொடுத்தால் உள்ளே சொட்டு! ஓட்டைக்கு அரை அடி தள்ளிப் பிளைவுட் நனைந்திருக்கிறது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாள் காலரைச் சுற்றிக் களிமண்ணால் குட்டிக் கரை கட்டித் தண்ணீர் தேக்கிவைத்தேன். ஒரு மணி நேரம் பார்த்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. கரையை உடைத்துவிட்டு முன்னால் இருக்கும் பழைய கேரியர் போல்ட்டின்மேல் ஊற்றினேன். அரை நிமிடத்தில் உள்ளே சொட்டியது. எத்தனை வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்ததோ, என் ஓட்டையை வைத்துத்தான் மேலே கண் போயிருக்கிறது. மிச்சமிருந்த சிகாஃப்ளெக்ஸ் முழுக்க அந்த எட்டு போல்ட்டுக்குப் போயிற்று.

இதற்குப் பிறகுதான் தோட்டத்தில் சோதனை. ஆன்டெனா உயரமாக இருந்தால் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஏணியில் மடக்குக் கம்பு கட்டி, தரையிலிருந்து 6 மீட்டர் வரை உயர்த்தினேன். சிக்னல் மைனஸ் 79 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). மைத்துனன் சாளையிலிருந்து போனில், "மாமா, திருப்பிப் பாருங்க, திருப்பிப் பாருங்க" என்கிறான். 65 டிகிரி விரியும் ஆன்டெனாவை எவ்வளவுதான் திருப்புவது? கை வலித்துக் கம்பை இறக்கும்போது லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் கத்தினான், "அப்பா, கூடுது!" 5 மீட்டரில் மைனஸ் 74. 4 மீட்டரில் 69. கூரைக்கு ஒரு முழம் மேலே, 3.2 மீட்டரில், மைனஸ் 64.

தலையில் அடித்துக்கொண்டேன். அது தென்னந்தோப்பு. நெட்டை மரங்கள், தொங்கும் மட்டை 6 மீட்டர் வரை இறங்கியிருக்கிறது. கம்பை முழுசாக நீட்டினால் ஆன்டெனா ஈர ஓலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கீழே வெறும் தூர்கள்தான், அவற்றுக்கு நடுவே சாளையின் திண்ணைச் சன்னல் வரை கண்ணுக்கே தெரிகிறது. 250 மீட்டருக்கு நடுவழியில் ஃப்ரெனல் மண்டலத்தின் (சிக்னல் தடையில்லாமல் போக, நேர்கோட்டைச் சுற்றிக் காலியாக இருக்க வேண்டிய இடம்) ஆரம் 2.8 மீட்டர். ஓலைக்கும் தரைக்கும் நடுவில் அது ஏறக்குறைய முழுசாக அடங்குகிறது. ஊடுபயிராகக் கோகோ போட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மாமனார் மாட்டுத்தீவனப் புல்தான் போட்டிருக்கிறார், பிழைத்தேன். (தென்னைக்கு நேர் கீழே வேனை நிறுத்தாதீர்கள். காரணம் தேங்காய்தான், சிக்னல் இல்லை.)

சாளை ரூட்டரின் பவரைக் கூட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஆன்டெனா கெயினும் சேர்த்து 4 வாட் வரைதான். தவிர ஒரு பக்கம் மட்டும் கத்தி என்ன பயன், இந்தப் பக்கம் சொல்வதும் அங்கே கேட்க வேண்டுமே. அதே நண்பர்தான் வால்பாறைக்குப் போகும்போது மொபைல் சிக்னல் பூஸ்டர் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் சொல்கிறார். அனுமதி இல்லாமல் அது சட்டவிரோதம், பக்கத்து ஆட்களின் சிக்னலையும் கெடுக்கும். வேண்டாம்.

வால்பாறைக்கு என் திட்டம் வேறு. 4ஜி ரூட்டரும் கூரையில் வெளி ஆன்டெனாவும். மலையில் 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் வளைவு திரும்புவதற்குள் செத்துவிடும், 850 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் 850-க்கும் சேர்த்து எடுக்கும் ஆன்டெனாவாகப் பார்க்கிறேன். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு, கம்பு கிம்பு எல்லாம் ஆகாது, தட்டையாகக் கூரையோடு ஒட்டியிருக்க வேண்டும்.

இப்போதைய கம்பையே இன்னும் சரியாகப் பொருத்தவில்லை என்பது வேறு விஷயம். யூ கிளாம்ப் வாங்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது, ஆனாலும் சைக்கிள் ட்யூபால் கட்டித்தான் ஓடுகிறது. ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்புவதற்குள் மாட்டிவிட வேண்டும். ஆனால் நேற்று கணபதி வழியாக வந்தபோது வண்டி தானாகப் பட்டறை முன்னால் நின்றுவிட்டது.

"இன்னொரு வரப்புங்களா?" என்றார்.

இந்தத் தடவை படத்தோடு கிளாண்டையும் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.