பாத்ரூம் கதவுக்குக் கற்பூரம் காட்டிய கதை

அப்பாவுக்கு லண்டனைச் சுற்றிக் காட்டுவது சிரமம். 38 வருடம் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்தவர். பக்கிங்ஹாம் அரண்மனைக்குக் கூட்டிப் போனால் அரண்மனையை விட்டுவிட்டு கேட்டைப் பார்த்தார். டவர் பிரிட்ஜில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ரிவெட் எண்ணினார். வெம்பிளியில் என் வாடகை வீட்டுக்கு வந்த முதல் நாளே, பாத்ரூம் கதவு சரியாகச் சாத்தாது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தாழ்ப்பாளின் நாக்கு தகட்டில் போய் இடிக்கும். மூன்று வருடமாக உள்ளேயிருந்து வாளியை முட்டுக் கொடுத்துச் சமாளித்து வருகிறேன்.

"அரம் இருக்குது கண்ணு. நாலு இழுப்பு இழுத்தாச் சரியாப் போயிரும்" என்றார். உண்மையிலேயே இருந்தது. பருப்புப் பொடிக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவே ஆறு அங்குல அரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருக்கிறார். வாடகை வீட்டில் கை வைத்தால் டெபாசிட்டில் பிடித்துவிடுவார்கள் என்று தடுத்து வைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை ஒரே மழை. அலுவலகத்தில் பழைய துப்பாக்கிப் பைத்தியம் ஒருவர் இருக்கிறார். ஏலக் கடை ஒன்றில் சாமான்களைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது, கையில் எடுத்தும் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். காசு கிடையாது என்ற ஒரு வார்த்தைக்காகக் கிளம்பினோம். "துப்பாக்கி பாக்கறதுக்கா எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தோம்?" என்று அம்மா கேட்டுக்கொண்டேதான் வந்தார்.

உள்ளே வரிசையாகத் துப்பாக்கிகள். அப்பா ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய் ஓரிடத்தில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூலவரைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். லண்டன் துப்பாக்கிக் கம்பெனியான ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்த ராயல் வகை இரட்டைக் குழல் ரைபிள். .465 என்ற தோட்டாவுக்கானது. நம் ஊர்ப் பண்ணைவீட்டுச் சுவரில் தொங்கும் ரெட்டைக் குழல் துப்பாக்கியைப் போலத்தான் தெரியும். ஆனால் அதன் குழல் உள்ளே வழுவழுவென்று இருக்கும்; இதில் குண்டைச் சுழல வைக்கும் மரை ஓடியிருக்கும். இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு தனித்தனி இயந்திரம். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. ஒன்று காலை வாரினாலும் இன்னொன்று இருக்கும். எதிரே வருவது நின்று யோசிக்கிற ஆசாமி இல்லை என்பதால் இந்த ஏற்பாடு.

கோட்டு சூட்டு போட்ட ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்தார். கிட்டத்தட்ட ஐந்து கிலோ. வால்நட் கட்டையில் ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே வாரக்கணக்கில் தேய்த்து ஏற்றியிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் மரத்தின் ரேகை தேன் ஓடுவதுபோல் ஓடியது. பக்கத் தகடுகளில் நெருக்கமாகச் சுருள் சுருளாகக் கொடி வேலை. நான் அதைத்தான் படம் எடுத்தேன். அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திறந்தார், மூடினார். டொக். மறுபடியும் திறந்து மூடினார். டொக்.

அப்புறம் சட்டைப் பையில் கை விட்டார். கோவை டவுன் பஸ் டிக்கெட் ஒன்று வெளியே வந்தது. காந்திபுரத்திலிருந்து உக்கடம் போனதோ என்னவோ, தாயத்துபோல் லண்டன் வரைக்கும் வந்திருக்கிறது. குழலின் அடிப்பக்கத்துக்கும் அதை அணைத்து மூடும் முகத்துக்கும் நடுவே டிக்கெட்டை வைத்து மூடி, வெளியே இழுத்தார். டிக்கெட் பாதியாகக் கிழிந்து கையோடு வந்தது. மிச்சம் அசையவில்லை. பெரியவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும்தான்.

ஆனால் அவர் சிரித்துவிட்டார். இது இங்கே பழைய சோதனைதானாம். விஷயம் தெரிந்தவர்கள் சிகரெட் சுற்றும் தாளை வைத்துப் பார்ப்பார்களாம். பஸ் டிக்கெட்டை இப்போதுதான் பார்க்கிறாராம். அதோடு அவர் என்னை விட்டுவிட்டார். பேச்செல்லாம் அப்பாவோடுதான்.

"ஒன்லி ஃபைல்? நோ கிரைண்டிங்?" என்று அப்பா ஆரம்பித்தார். கடைசிப் பொருத்தம் முழுக்க அரமும் கையும்தான் என்றார் அவர். எண்ணெய் விளக்கின் புகையை இரும்பில் காட்டிக் கரி பூசிக்கொள்வார்களாம். இரண்டு பாகத்தையும் சேர்த்து அழுத்திப் பிரித்தால், எங்கே முட்டுகிறதோ அங்கே கரி தடம் போட்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் ஒரு சிட்டிகை ராவிவிட்டு, மறுபடியும் புகை, மறுபடியும் அரம். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அப்பா கத்தினார்: "அட, நம்ம புளூ மேட்சிங்!" டூல் ரூமில் நீல மையைத் தடவி இதே வேலையைத்தான் 38 வருடம் செய்திருக்கிறார். இரண்டு பேரும் சம்பந்தி கிடைத்த மாதிரி கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அடுத்ததைத்தான் அப்பா நம்ப மறுத்தார். இரண்டு குழலும் இணையாக இல்லை, நுனியில் இம்மியளவு ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கின்றன. இணையாக வைத்தால் சரிவராது. வலது குழல் வெடித்தால் குண்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி வலப்பக்கம் உதறும். இடது வெடித்தால் இடப்பக்கம். அந்த உதறலையும் கணக்கில் சேர்த்துச் சாய்க்க வேண்டும். அதற்குச் சூத்திரமெல்லாம் போதாது. சுட்டுப் பார்த்து, பற்றவைத்ததைச் சூடாக்கி இளக்கி, நடுவில் இருக்கும் ஆப்பை ஒரு தட்டுத் தட்டி நகர்த்தி, ஆறியபின் மறுபடியும் சுட வேண்டும். இரண்டு குண்டும் ஒரே இடத்தில் போய் விழும்வரை இதே வேலை. அதுவும் ஒரு வகைத் தோட்டாவுக்குத்தான் பொருந்தும். மருந்தை மாற்றினால் சாய்வுக் கணக்கும் மாறிவிடும். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பொறுமை இருக்கறவனுக்குத்தான் பொண்ணு குடுத்திருப்பாங்க" என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இந்த .465 தோட்டா பிறந்ததற்கே இந்தியாதான் காரணம். அதற்கு முன் பெரிய வேட்டைக்கு .450 பிரபலம்; குழல் வாயை அங்குலத்தில் சொல்லும் அளவு இது. மார்ட்டினி ஹென்றி என்ற பழைய ராணுவத் துப்பாக்கியின் வாயும் அதே .450. துரைமார் வேட்டைக்குக் கொண்டுவரும் குண்டுகள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடுமோ என்று பயந்து, 1907 வாக்கில் இந்தியாவில் அந்த அளவையே தடை செய்துவிட்டது அரசாங்கம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று அளவைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்திப் புதுத் தோட்டாக்களைக் கொண்டுவந்தன. ஹாலண்டின் பங்கு இந்த .465. 31 கிராம் குண்டு, வினாடிக்கு 650 மீட்டர் வேகம். புலி அடிக்கும் துரைக்குச் சட்டம் இப்படித்தான் வளைந்து கொடுத்திருக்கிறது.

இவ்வளவு நேரம் சும்மா இருந்த அம்மா கேட்டார்: "ஏனுங், இத்தன பெருசு, என்னத்தச் சுடறதுக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். காட்டெருமை என்று சொல்லித் தப்பியிருக்கலாம், வாய் முந்திக்கொண்டது. "யானைம்மா."

அம்மா தினமும் பிள்ளையாருக்கு விளக்கு வைக்காமல் காபி குடிக்காதவர். அந்தச் சமயம் பார்த்துத்தானா பெரியவர் குழல் நுனியில் ஒரு சின்ன வெள்ளை மணியை நிமிர்த்திக் காட்ட வேண்டும்? வெளிச்சம் குறைந்த நேரத்தில் குறி பார்க்கவாம். எதில் செய்தது என்று அப்பா ஆர்வமாகக் கேட்டார். தந்தம் என்றார். அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அவர் தொட்டுக் காட்டிய பல்லும், கையால் போட்ட தும்பிக்கையும் அம்மாவுக்கே புரிந்துவிட்டன. அம்மா போய் வாசலில் நின்றுகொண்டார்.

பெரியவர் துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட்டு, ஏலத்துக்கு விலை எழுதிக் கொடுக்கிறீர்களா என்று அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார். தொடக்க மதிப்பே இருபதாயிரம் பவுண்டுக்கு மேல். அப்பா மனசுக்குள் ரூபாயாக மாற்றி முடித்ததும் கண் ஒருமுறை மூடித் திறந்தது. "குட் வொர்க். வெரி குட் வொர்க். ஐ ஒன்லி சீ" என்று கும்பிட்டார்.

திரும்பும்போது 18-ம் நம்பர் பஸ். ஹாரோ ரோட்டில் ஹாலண்டின் தொழிற்சாலை வரும். 1898-ல் கட்டியது. இத்தனை நாளாக அதே வழியில் போய்வந்தும் நான் கவனித்ததில்லை. அப்பா மாடிச் சீட்டிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். அம்மா பேசவில்லை. சமாதானம் செய்வதாக நினைத்து மேஜர் ரோஜர்ஸ் கதையைச் சொன்னேன். இலங்கையில் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஆள். 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

"பின்ன, சும்மா உடுவாரா?" என்றார் அம்மா. அப்பா பக்கம் திரும்பினார். "தொட்ட கையோட சாமி அலமாரிப் பக்கம் போயிராதீங்க. போனதும் தலைக்கு ஊத்துங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பா நல்ல பிள்ளையாகத் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். பத்து நிமிடம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. சர்க் சர்க் என்று வேறு ஏதோ சத்தம். அப்புறம் கூடத்துப் புகை அலாரம் அலறத் தொடங்கியது.

ஓடிப் போய்ப் பார்த்தால், பாதித் திறந்த கதவு முன்னால் பனியனோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் அரம், இன்னொரு கையில் எரியும் கற்பூரத்தோடு கரண்டி. தாழ்ப்பாள் நாக்கு கன்னங்கரேலென்று இருந்தது. "கற்பூரக் கரிதான் கண்ணு மெல்லிசா ஒட்டும்" என்றார், அலாரச் சத்தத்துக்கு மேல். கற்பூரம் ஏது என்று நான் கேட்பதற்குள் அம்மா சாமி அலமாரியைப் பார்த்துவிட்டார்.

கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டுக் குஜராத்தி அம்மா, தலை முடிந்தும் முடியாமலும். என்ன ஆச்சு என்று கேட்க வாய் திறந்தவர், மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "பூஜா?" என்று கைகூப்பினார்.

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு .465 எல்லாம் பக்கத்தில் வர முடியாது. "ஆமாங், கணேஷ் பூஜா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சர்க்கரையும் திராட்சையும் எடுத்து வந்து கொடுத்தார்.

அலாரத்தை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, எல்லாம் அடங்கி உட்கார்ந்தபோது இரவு ஒன்பது. அப்பா கதவைச் சாத்தினார். டொக். சட்டைப் பையிலிருந்து அந்தப் பாதி டிக்கெட்டை எடுத்து இடுக்கில் வைத்து மறுபடியும் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இழுத்துப் பாரு கண்ணு."